விக்டோரியா காலத்து வாத்தியாராக முக்கால் மணி நேரம்

விக்டோரியா மகாராணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் எப்போதும் ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதுதான். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் கிடந்த தேய்ந்த செப்புக் காசில் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அறிவை மட்டும் வைத்துக்கொண்டு, ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியில், ஒரு வகுப்பறை நிறைய ஜெர்மன் பெற்றோருக்கு நடுவில் கையை உயர்த்தி, "விக்டோரியா காலத்து இங்கிலாந்துப் பிள்ளைகளா? நான் வந்து படிப்பிக்கிறேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்" என்று சொன்னவன் நான். குடித்திருக்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் சோடாத் தண்ணீரும் உப்புக் குச்சிகளும்தான் வைத்திருந்தார்கள். பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் முழங்கால் காதில் முட்ட உட்கார்ந்திருந்ததால் மூளைக்கு இரத்தம் போகவில்லை என்று மனைவியிடம் பிறகு சொல்லிப் பார்த்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

கையை உயர்த்தியதற்குக் காரணம் மகள். அவள் அப்போது நாலாம் வகுப்பு. ஜெர்மனியின் இந்தப் பகுதியில் நாலாம் வகுப்பு வந்துவிட்டால் பெற்றோருக்கு நித்திரை போய்விடும். அது முடிந்ததும் பிள்ளைகளை மூன்று விதமான பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்புவார்கள். பல்கலைக்கழகம் வரை நேராகக் கொண்டுபோய் விடுவது கிம்னாசியம். மற்ற இரண்டும் நல்ல பள்ளிகள்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்பவர்களின் பிள்ளைகள் கிம்னாசியத்தில் படிப்பார்கள். எந்தப் பிள்ளை எங்கே போகலாம் என்று மாசி மாதத்தில் வகுப்பாசிரியை பரிந்துரை எழுதுவார். அந்த நாட்களில் அதை மீறுவது லேசான காரியமில்லை. தமிழ் ஆட்கள் கூடும் இடங்களில், கோயிலில், பிறந்தநாள் விழாவில், செத்த வீட்டில்கூட, "பிள்ளைக்கு என்ன மாதிரி?" என்று காதோடு கேட்பார்கள். சுகம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து "தடிமன் மாறீட்டுது" என்று பதில் சொல்லி நான் ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன்.

அந்த ஐப்பசியில் ஆசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கதைத்தார். உயரமான பெண்மணி. மழையோ பனியோ, சைக்கிளில்தான் வருவார். தலைக்கவசத்தை மேசையில் வைத்தபடியே விஷயத்துக்கு வந்துவிடுவார்; வானிலை, தேநீர் ஒன்றும் கிடையாது.

"கணக்கு நன்றாகச் செய்கிறாள். எழுத்தும் நல்லது. ஆனால் கை உயர்த்துவதே இல்லை. நான் பெயர் சொல்லிக் கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும், அதுவும் சரியாக இருக்கும். அதோடு மூடிவிடுவாள். இங்கே வகுப்பில் தானாகப் பேசுவதற்கும் புள்ளி உண்டு. இப்படியே இருந்தால் கிம்னாசியம் என்று எழுத எனக்குத் தயக்கமாக இருக்கும்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்த்ததில் நியாயம் இருந்தது. முதலாம் வகுப்பின் முதல் நாள், இங்கே எல்லாப் பிள்ளைகளும் தங்கள் உயரத்தில் பாதி இருக்கும் ஒரு காகித அட்டைக் கூம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போவார்கள். உள்ளே இனிப்பும் பென்சிலும் நிறைந்திருக்கும். மகளும் ஊதா நிறத்தில் குதிரைப் படம் ஒட்டிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். மற்ற அப்பாமார் படம் எடுத்துக்கொண்டு நின்றபோது, நான் குனிந்து அவளுடைய காதில் புத்தி சொன்னேன். "டீச்சர் கேட்டால் மட்டும் வாயைத் திற. கேக்காமல் ஒரு வார்த்தை கதைக்கக் கூடாது. விளங்குதோ?" விளங்கியது. நான் சொன்னவற்றில் அவள் சரியாகக் கடைப்பிடித்தது அது ஒன்றைத்தான்.

இப்போது அதைத் திருப்பி எடுக்க வேண்டும். வீட்டிலேயே பயிற்சி தொடங்கினேன். சாப்பாட்டு மேசையில் எது வேண்டுமென்றாலும் கை உயர்த்திக் கேட்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். மகள் சொதி வேண்டுமென்றால் எழுந்து போய்ச் சட்டியிலேயே விட்டுக்கொண்டு வந்தாள். கையை உயர்த்தியது மனைவிதான்.

"ஓம், சொல்லும்," என்றேன்.

"இந்தக் கிழமை மாடிப்படி கூட்டுறது எங்கட முறை. கீழ்வீட்டு மனிசி ரெண்டு தரம் மணியடிச்சுப் போட்டா. ஆர் கூட்டப் போறது?"

பயிற்சி அன்றோடு நின்றது.

இந்த நிலையில்தான் அந்தப் பெற்றோர் கூட்டம். கிறிஸ்மஸ் விடுமுறை முடிந்ததும் 'நூறு வருடத்துக்கு முந்திய பிள்ளைகள்' என்று ஒரு வாரம் முழுக்கப் படிப்பிக்கப் போவதாக ஆசிரியை சொன்னார். பெற்றோர் யாராவது வந்து ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் சொல்லலாம். ஒரு தாத்தா ஜெர்மன் பேரரசர் காலத்துப் பள்ளியை எடுத்துக்கொண்டார். ஒரு இத்தாலிய அம்மா சிசிலியை எடுத்தார். "பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கிறார்கள். விக்டோரியா காலத்து இங்கிலாந்தை யாராவது எடுத்தால் நல்லது," என்றார் ஆசிரியை. ஒருவரும் அசையவில்லை. எனக்கு ஒரு கணக்குத் தோன்றியது: மகள் பங்கெடுக்கவில்லையென்றால் அப்பா பங்கெடுக்கிறார் என்று இருக்கட்டுமே. குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு கை உயர்ந்தால் அதில் கொஞ்சம் அவள் பக்கம் எழுத மாட்டார்களா? உயர்த்திவிட்டேன். அதோடு விடாமல், எங்கள் நாடும் அந்த அம்மாவின் ஆட்சியில் இருந்ததுதான், நான் படித்த பள்ளி மண்டபம் அவர் காலத்தில் கட்டியதுதான் என்று சேர்த்துக்கொண்டேன். மண்டபம் பற்றியது உண்மையாகவும் இருக்கலாம். சுண்ணாம்பு உதிர்ந்ததைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி தேங்காய்ப்பூவைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"உங்களுக்கு இங்கிலாந்தைப் பற்றி என்னப்பா தெரியும்? லண்டனுக்குக் கலியாணத்துக்கெண்டு போய், ஹோலுக்குள்ள நிண்டு போட்டு, தமிழ்க் கடையில முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வந்தனீங்கள்."

"வாசிச்சால் தெரிஞ்சிட்டுப் போகுது."

"வாசியுங்கோ, வாசியுங்கோ. ஹீட்டர் கொம்பனிக்காரன் அனுப்பின கடிதமே இன்னும் வாசிக்கேல்லை."

நகர நூலகத்தில் பிள்ளைகளுக்கான ஜெர்மன் புத்தகம் ஒன்று கிடைத்தது. படங்கள் நிறைய. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் காலை முறை முடித்து வந்து, மத்தியானங்களில் அகராதியோடு உட்கார்ந்தேன். படத்தைப் பார்த்தும் விளங்காத பக்கங்களை நேர்மையாகத் தாண்டினேன். இருந்தாலும் எனக்கு வேண்டியது கிடைத்தது. புகைக்கூண்டுக்குள் ஏறித் துடைத்த சின்னப் பையன்கள். முழங்கையும் முழங்காலும் மரத்துப்போக வேண்டுமென்று அவற்றில் உப்புத் தண்ணீர் தேய்த்தார்களாம். பருத்தி ஆலையில் ஓடும் இயந்திரத்துக்குக் கீழே தவழ்ந்த பிள்ளைகள். ஒரே கட்டிலில் குறுக்கும் நெடுக்குமாகப் படுத்த குடும்பம். எனக்கு உற்சாகம் பிறந்தது. "உன்ர வயசில நான்" என்று தொடங்கும் பிரசங்கத்துக்கு மகள் மசிவதே இல்லை. அந்த வயதில் நான் பட்ட பெரிய கஷ்டம் மாமரத்தால் விழுந்தது என்று அவளுக்குத் தெரியும். இங்கே அசல் கஷ்டப்பட்ட பிள்ளைகள் படத்தோடு கிடைத்திருக்கிறார்கள்.

பெரிய திட்டம் வேறு. முக்கால் மணி நேரத்தில் பாதிக்குக் கதை சொல்வேன். மீதிக்கு வகுப்பை விக்டோரியா காலப் பள்ளியாக மாற்றி, நானே வாத்தியாராக நின்று கேள்விகள் கேட்பேன். மகள் கை உயர்த்துவாள். மணிமணியாகப் பதில் சொல்வாள். கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியை அதைக் கண்ணால் காண்பார்.

"இது கேள்வி, இது பதில். இயந்திரத்துக்குக் கீழ ஏன் பிள்ளையளை அனுப்பினவை?" என்று மகளைக் கேட்டேன்.

"விழுந்த பஞ்சைப் பொறுக்க. மெஷினை நிப்பாட்டாமல்."

"அச்சா. இதை நான் கேக்கேக்க, கையை நல்லா மேல தூக்கிச் சொல்லவேணும். என்ன?"

அவள் தோளைத் தூக்கி இறக்கினாள். ஜெர்மன் பிள்ளைகளிடம் பழகிய பழக்கம். அதை நான் 'ஓம்' என்று எடுத்துக்கொண்டேன். எனக்குப் பதில் சொல்பவர்கள் எப்போதும் ஓம் என்றுதான் சொல்கிறார்கள். இது என் காதின் சிறப்பு. அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். தாண்டிய பக்கங்கள் எப்படியும் எனக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

வாத்தியாருக்குப் பொருட்கள் வேண்டும். கலியாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டை எடுத்தேன். வயிற்றை உள்ளே இழுத்தால் நடுப் பொத்தான் பூட்டியது, ஆனால் பேச முடியவில்லை. பேசுவதற்காகத் திறந்து விட்டேன். பிரம்புக்குப் பதில் நீள அடிமட்டம். புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது: பாடம் சொல்லத் தெரியாத பிள்ளையை மூலையில் நிறுத்தித் தலையில் ஒரு கூம்புத் தொப்பி வைத்திருந்தார்கள். மொக்குத் தொப்பி, இவன் மடையன் என்று எல்லோருக்கும் காட்ட. அது இல்லாமல் வகுப்பு சோபிக்காது என்று தோன்றியது. பாட நாளுக்கு முதல் நாளே வேலைக்கு லீவு போட்டுவிட்டு அட்டையை வளைத்து வளைத்துப் பார்த்தேன்; ஒரு தடவை வாளி மாதிரி வந்தது, மற்றத் தடவை வடை மாதிரி. வெறுத்துப்போய் நிமிர்ந்தபோது மகளின் அலுமாரிக்கு மேலே, தூசி படிந்து, ஆண்டவன் அனுப்பியது போல ஒரு கூம்பு படுத்திருந்தது.

முதல் நாள் பள்ளிக்குத் தூக்கிப் போன அதே இனிப்புக் கூம்பு. உள்ளே வெறுமை. எனக்கு அது சும்மா கிடந்த அட்டை. வாய்ப் பக்கத்தை ஒரு சாண் வெட்டினால் தலைக்கு அளவாக வரும். வெட்டினேன். ஊதா தெரியாமல் வெள்ளைத் தாள் சுற்றி ஒட்டினேன். மனைவி வேலைக்குப் போயிருந்தாள், மகள் பள்ளியில். தடுக்க ஒருவரும் இல்லாத நேரத்தில்தான் நான் நன்றாக வேலை செய்வேன்.

அந்த நாள் வந்தது. கோட்டோடு நான் உள்ளே போனதும் பிள்ளைகள் "ஓ" என்றார்கள். மகள் மட்டும் மேசையில் எதையோ ஆராய்ந்தாள். ஆசிரியை கடைசியில் போய் உட்கார்ந்தார்.

புகைக்கூண்டுப் பையனில் தொடங்கினேன். என்னுடைய ஜெர்மன் இலக்கணம் கொஞ்சம் நொண்டும். அதைச் சோக முகத்தால் ஈடுசெய்தேன். இருட்டு, கரி, உரசிய முழங்கால், கீழே நின்று அதட்டும் முதலாளி. சொல்லி முடித்துவிட்டுக் கண்ணீருக்குக் காத்திருந்தேன். பாதிக் கைகள் மேலே எழுந்தன.

"அந்தப் பையன் அதிர்ஷ்டக்காரன், இல்லையா?" என்றாள் ஒரு சிறுமி. "புதுவருடத்துக்குப் புகைக்கூண்டுக்காரரைத் தொட்டால் அதிர்ஷ்டம் வரும். அவன் தன்னைத் தானே தொட்டுக்கொண்டே இருக்கலாமே?"

நான் யோசித்திருக்கவில்லை. இந்த நாட்டில் புகைக்கூண்டு துடைப்பவர் மங்களகரமானவர். அப்போதுதான் புதுவருடம் முடிந்திருந்தது. கடைகளில் இன்னும் அவர் உருவம் குத்திய இனிப்புகள் பாதி விலைக்குக் கிடந்தன. நான் சோகக் கதை சொல்லத் தேர்ந்தெடுத்தது அவரை.

முன்வரிசையில் ஒரு பையன் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். "என் அப்பாவே புகைக்கூண்டுக்காரர்தான்," என்றான்.

பார்த்தால், எங்கள் கட்டிட ஹீட்டரையும் அதன் புகைக்குழாயையும் சோதிக்க வருடம் தோறும் வருகிறாரே, அவருடைய மகன்.

"அந்தப் பையனுக்கு ஆவுஸ்பில்டுங் இருந்ததா?"

மூன்று வருடத் தொழிற்பயிற்சியான அந்த ஆவுஸ்பில்டுங் இல்லாமல் ஜெர்மனியில் ஒருவன் இன்னொருவனின் தலைமயிரைக்கூட வெட்ட முடியாது.

"இல்லை," என்றேன்.

"அப்படியென்றால் அவன் ஏறியது தப்பு. என் அப்பா ஏறுவதே இல்லை. அவருக்கு உங்களை மாதிரி வயிறு."

வகுப்பு சிரித்தது. நான் பொத்தானைத் தேடினேன். அவசரமாகக் கட்டிலுக்குத் தாவினேன். ஒரே கட்டிலில் எத்தனையோ பிள்ளைகள், பாவம்.

"ஒவ்வொரு ராத்திரியும் எல்லோரும் ஒன்றாகப் படுக்கலாமா?" என்று ஒருத்தி எழும்பியே நின்றுவிட்டாள்.

"வீட்டுப்பாடம் இருந்ததா?" என்றான் இன்னொருவன்.

"பள்ளிக்கே போகவில்லை. வேலைக்குப் போனார்கள்."

"சம்பளத்தோடா?"

வகுப்பு முழுக்கப் பொறாமைப் பெருமூச்சு எழுந்தது. இன்னும் பத்து நிமிடம் போனால் எல்லோரும் இங்கிலாந்துக்குப் பெட்டி கட்டியிருப்பார்கள்.

அடிமட்டத்தால் மேசையில் ஒரு தட்டுத் தட்டி, "இனி இது விக்டோரியா காலப் பள்ளி!" என்று அறிவித்தேன். ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம். கை முதுகுக்குப் பின்னால். நான் சொன்னால் எழும்ப வேண்டும், சொன்னால் இருக்க வேண்டும். 'குட் மோர்ணிங் சேர்' என்று எல்லோரும் ராகம் போட்டுச் சொல்ல வேண்டும். ஏழாம் வாய்ப்பாட்டைக் கோரசாகப் பாட வைத்தேன். இதில் பாதி புத்தகத்தில் இல்லை. எங்கள் பள்ளியில் எங்களுக்கு நடந்ததை அப்படியே இறக்கினேன். வாயிலிருந்து வந்த குரல்கூட என்னுடையது இல்லை, எங்கள் கணக்கு வாத்தியாருடையது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த அமைதி எனக்கு இனித்தது. தொழிற்சாலையில் என் பேச்சைக் கேட்பது ஒரு அழுத்த இயந்திரம் மட்டும்தான், அதுவும் பொத்தானை அமத்தினால்.

பிறகு அந்தக் கேள்வி. "ஆலையில் இயந்திரத்துக்குக் கீழே ஏன் பிள்ளைகளை அனுப்பினார்கள்?"

எல்லாக் கைகளும் எழுந்தன. ஒரு கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு, "நான், நான்" என்று முனகினார்கள். மகளின் கை மட்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் சொன்ன இடத்தில்தான்.

"நன்றாக யோசியுங்கள்," என்றேன் அவளைப் பார்த்து.

"நாங்கள் யோசித்துவிட்டோம்!" என்றான் புகைக்கூண்டுக்காரரின் மகன்.

"இன்னும் யோசியுங்கள்."

நான் புருவத்தை உயர்த்தினேன். இருமினேன். அடிமட்டத்தை மேலே தூக்கிக் காட்டினேன். அவள் அசையவில்லை. ஆசிரியை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வியர்த்தது. எங்கள் ஊரில் வாத்தியாரின் பிள்ளை அதே வகுப்பில் இருந்தால் முதல் அடி அதற்குத்தான் விழும். பாரபட்சம் இல்லை என்று காட்டுகிற மரியாதை அது. அத்தோடு, ஒரு ஜெர்மன்காரரின் பிள்ளை தலையில் மொக்குத் தொப்பியை வைத்துவிட்டு யார் வக்கீலுக்கு அலைவது? சொந்தப் பிள்ளை என்றால் பிரச்சினை இல்லை. அப்படித்தான் நினைத்தேன். அவளைப் பெயர் சொல்லி எழுப்பி, "பதில் தெரியாத பிள்ளை!" என்று வாத்தியார் குரலில் சொல்லி, பைக்குள்ளிருந்து தொப்பியை எடுத்து அவள் தலையில் வைத்தேன்.

பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு சிலர் தொடங்கியும்விட்டார்கள். தொப்பி அவளுக்குப் பெரிதாக இருந்ததால் மூக்குவரை இறங்கியது. அவள் இரண்டு கையாலும் அதைக் கழற்றினாள். உள்ளே பார்த்தாள். வெளியேதான் நான் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தேன். உள்ளே ஊதா மெல்லிய தாளும், அதில் பாலர் பள்ளியில் அவளைப் பார்த்துக்கொண்ட ஆசிரியை அக்கா பொன் பேனையால் எழுதிய அவளுடைய பெயரும் அப்படியே இருந்தன.

"இது என்னுடைய இனிப்புக் கூம்பு," என்றாள்.

ஜெர்மனில், தெளிவாக. யாரும் கேட்காமல்.

வகுப்பு மூச்சை இழுத்தது. அங்கே இருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டில் அலுமாரிக்கு மேலே ஒரு கூம்பு இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"வெட்டிவிட்டாரா?" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள்.

"அதை வெட்டக்கூடாது!" என்றான் புகைக்கூண்டுக்காரரின் மகன், தன் அப்பாவின் தொழிற்சட்டத்தைச் சொன்ன அதே குரலில்.

"இது என்னுடையது. என்னைக் கேட்கவில்லை," என்றாள் மகள். முகம் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. "அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் கை உயர்த்தினார்கள், நீங்கள் ஒருவரையும் கேட்கவில்லை. எங்கள் வகுப்பில் கை உயர்த்தினால் கேட்க வேண்டும். விழுந்த பஞ்சைப் பொறுக்கத்தான் அனுப்பினார்கள். இயந்திரத்தை நிறுத்தினால் முதலாளிக்கு நட்டம். அவர்கள் அதிர்ஷ்டசாலிகள் இல்லை," என்று மற்றப் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "அப்பா கஷ்டமான பக்கங்களைத் தாண்டிவிட்டார். நான் வாசித்தேன். சுரங்கத்தைப் பற்றிச் சொல்லவே இல்லை."

பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "இப்ப நீங்கள் போடுங்கோ. அங்க போய் இருங்கோ."

போட்டேன். எனக்கு அது உச்சியில் மட்டும் நின்றது. மூலையில் ஒரு குட்டிக் கதிரை கிடந்தது, போய் இருந்தேன். வகுப்பு அப்போதுதான் நன்றாகச் சிரித்தது. அவள் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தாள். அந்தப் பொறுமையை எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியாது, வீட்டில் இல்லை.

நிலக்கரிச் சுரங்கத்தில் கதவு காத்த பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். எங்களைவிடச் சின்னப் பிள்ளை, என்றாள். பூமிக்குக் கீழே ஒரு குழியில் இருக்க வேண்டும். கையில் ஒரு கயிறு. வண்டி வரும் சத்தம் கேட்டால் இழுக்க வேண்டும், கதவு திறக்கும். வண்டி போனதும் விட வேண்டும், மூடும். நாள் முழுக்க அவ்வளவுதான் வேலை. மெழுகுதிரி முடிந்துவிட்டால் இருட்டு. விளையாட முடியாது, நித்திரை கொண்டால் அடி. வண்டி தள்ளுகிறவர்கள் நிற்காமல் போய்விடுவார்கள். கதைக்க ஒருவரும் இல்லை.

"பாட்டுப் பாடலாமே?" என்று ஒருவன் கேட்டான்.

"வெளிச்சம் இருந்தால் பாடுவேன், இருட்டில் பயத்தில் பாட மாட்டேன் என்று ஒரு பிள்ளை சொன்னதாகப் புத்தகத்தில் இருக்கிறது," என்றாள்.

யாரும் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னாள். ஒன்றும் பேசாமல் இருக்க வேண்டும், தான் கதவு என்று சொன்னதும் கையால் கயிறு இழுக்க வேண்டும். நானும் தொப்பியோடு கண்ணை மூடினேன். வெகுநேரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கதிரை கிறீச்சிட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தபோது, ஆசிரியையும் கண்ணை மூடிக்கொண்டு, கையில் இல்லாத கயிற்றைப் பிடித்தபடி இருந்தார்.

மணி அடித்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் வெட்டுப்பட்ட கூம்பைக் கக்கத்தில் வைத்திருந்தாள்.

"கோவமோ?" என்றேன்.

"கோவம்தான்."

"நல்லாக் கதைச்சனி."

"நீங்களும் கதைச்சனீங்கள். கனக்க."

மனைவி கூம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒட்டுநாடாவை எடுத்து மேசையில் வைத்தாள். குப்பைக் காகிதக் கூடைக்குள் தலையை விட்டு, வெட்டிய வளையத்தைக் கண்டுபிடித்து, வெள்ளைத் தாளை ஈரத் துணியால் உரித்து, அன்று முழுக்க ஒட்டினேன். ஒரு குதிரைக்கு வால் போய்விட்டது. மகள் வந்து சோதித்துப் பார்த்தாள். "இது இனி கோணலாத்தான் நிக்கும்," என்று சொல்லிவிட்டு, என் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து, அம்மாவின் அலுமாரிக்கு மேலே வைத்தாள்.

மனம் என்பது விசித்திரமானது, குறிப்பாக என்னுடையது. அடுத்தடுத்த கிழமைகளில் அந்த முக்கால் மணி நேரம் எனக்குள் உருமாறத் தொடங்கியது. கோயிலில் ஒரு அண்ணை வழக்கம்போலக் காதோடு கேட்டபோது, "பிள்ளை இப்ப வகுப்பில நல்லாக் கதைக்கிறாள் அண்ணை. நான் போய் ஒரு பாடம் எடுத்தனான்," என்றேன். அடுத்த தடவை சொல்லும்போது அது ஒரு கற்பித்தல் முறையாகவே ஆகிவிட்டது. பிள்ளைக்குக் கொஞ்சம் கோபம் வர வைக்க வேணும், அப்பதான் உள்ளே இருப்பது வெளியே வரும், கூம்பை நான் தெரிந்துதான் வெட்டினேன் என்று விளக்கினேன். அந்த அண்ணை தன் மகனின் கூம்பு எங்கே என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். நல்லவேளை, அவருடைய மனைவி பக்கத்தில் நின்றார்.

மாசி மாதம் ஆசிரியை கூப்பிட்டார். நான் கழுத்துப்பட்டி கட்டினேன். "தொப்பியும் போடுங்கோவன்," என்றாள் மனைவி. ஆனால் படியில் இறங்கும்போது அவளுடைய கை கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததைக் கண்டேன்.

ஆசிரியை தலைக்கவசத்தை மேசையில் வைத்தார். "கிம்னாசியம்," என்றார். "நான் எழுதிவிட்டேன். இப்போது தினமும் கை உயர்த்துகிறாள். சில நாட்களில் மற்றவர்களுக்கும் இடம் விடு என்று நானே சொல்ல வேண்டியிருக்கிறது."

மனைவி என் கையைப் பிடித்து அமத்தினாள். அவளுடைய கண் நிறைந்துவிட்டது. அந்த அளவோடு நான் எழும்பி வந்திருக்கலாம். நன்றி சொல்லிவிட்டு, கதவை மூடிவிட்டு, பேக்கரியில் கேக் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் ஒரு மனிதன் தனக்குச் சேர வேண்டியதைக் கேட்காமல் எப்படிப் போவது? தொண்டையைச் செருமிக்கொண்டு, அடக்கமான குரலில், "என்னுடைய அந்தப் பாடம் அவளுக்குக் கொஞ்சம் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்," என்றேன்.

ஆசிரியை தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"அன்று அவள் வாயைத் திறந்தது உங்களை நிறுத்துவதற்காக," என்றார்.